லைற் பில்லும் கிணற்றடி வயரும்

ஜனவரியில் வந்த லைற் பில்லில் 496 யூனிற் என்று இருந்தது. இலங்கையின் வடக்கில், தருமபுரத்துக்கும் விசுவமடுவுக்கும் இடையில், பரந்தன் - முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது எங்கள் வீடு. அம்மா தனியே இருந்த காலத்தில் மாதம் 50 யூனிற் போவதே பெரிய காரியம். நானும் கணவரும் ஏழு மாதம் அம்மாவோடு இருந்துவிட்டுப் போகலாம் என்று ஒக்ரோபரில் கனடாவிலிருந்து வந்தோம். நாங்கள் வந்தால் கரண்ட் செலவு கூடும் என்று தெரியும். இரவு முழுக்க இரண்டு ஃபான், கேத்தல், ரைஸ் குக்கர், நாங்கள் வாங்கி வைத்த பிரிட்ஜ். நவம்பர் பில் 112 யூனிற் வந்தது, அதைப் பேசாமல் கட்டினோம். ஆனால் 496?

பில்லைக் காட்டிய எல்லோரும் இரண்டு காரணத்தில் ஒன்றைச் சொன்னார்கள். பக்கத்து வளவு அண்ணை, "மீற்றர் ஓடுது பிள்ளை, மாத்தித் தரச்சொல்லி எழுதிக் குடுங்கோ" என்றார். கடையில் நின்றவர்கள் கட்டணம் கூட்டிவிட்டார்கள் என்றார்கள். அப்படி நினைப்பதில் பிழை இல்லை. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மறுபடி 66 வீதமும் கூடியதை இங்கே யாரும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு குறைத்தார்கள், கூட்டினார்கள். ஆனால் கட்டணம் கூடினால் ரூபாய்தான் கூடும், யூனிற் கூடாது. பில்லில் நாங்கள் முதலில் பார்க்க வேண்டியது யூனிற்றை. அது புரியவே எனக்கு இரண்டு நாள் எடுத்தது, ஏனென்றால் கண் ரூபாயில்தான் போய் நிற்கிறது.

இன்னொன்றையும் வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்ராரியோவில் இரவு ஏழு மணிக்குப் பிறகு கரண்ட் மலிவு என்ற பழக்கத்தில், இங்கேயும் உடுப்புத் தோய்ப்பதை இரவுக்கு வைத்துக்கொண்டிருந்தேன். இங்கே சாதாரண வீட்டு இணைப்பில் நேரத்தைப் பார்த்து விலை மாறுவதில்லை, அளவைப் பார்த்துத்தான் மாறுகிறது. மாதம் 60 யூனிற்றுக்குள் நின்றால் ஒரு கணக்கு, 61 ஆனால் வேறு கணக்கு. 60 ஐத் தாண்டிய வீட்டுக்கு முதல் 30 யூனிற்றின் மலிவு விலை கிடைக்காது, முதல் யூனிற்றிலிருந்தே கூடின விலைதான். பிறகு 90, 120, 180 என்று படி ஏற ஏற யூனிற் விலையும் நிலையான கட்டணமும் ஏறும். 180 க்கு மேலே போவதெல்லாம் உச்ச விலை. அம்மா ஒரு லைற்றோடு முழு வீட்டையும் சமாளித்ததன் அர்த்தம் எனக்கு அந்தப் படிகளைப் பார்த்தபோதுதான் விளங்கியது. அவர் 60 க்குக் கீழே நிற்பதற்காக இருட்டில் இருந்திருக்கிறார்.

சரி, 496 எங்கிருந்து வந்தது? பழைய பில்களை மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். டிசம்பர் பில்லில் இருந்த வாசிப்பு உண்மையான வாசிப்பு இல்லை. அன்றைக்கு அம்மாவை வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தோம், படலை பூட்டிக் கிடந்தது. மீற்றர் பார்ப்பவர் உள்ளே வர முடியாமல், முந்தின மாதங்களை வைத்து 108 என்று உத்தேசமாகப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஆகவே டிசம்பரில் எழுதாமல் விட்டதும் சேர்ந்துதான் ஜனவரியில் வந்து விழுந்தது. 108 உம் 496 உம் கூட்டினால் 604. இரண்டு மாதத்துக்கு 604, மாதம் 302.

பில்லையும் எடுத்துக்கொண்டு மின்சாரக் கந்தோருக்குப் போனேன். உத்தேச வாசிப்பால் ஒரே மாதத்தில் குவிந்ததை இரண்டு மாதத்துக்கும் பிரித்துப் போடும்படி கேட்டேன். அதனால் என்ன வித்தியாசம் என்றால், பிரித்துப் போட்டால் இரண்டு மாதத்திலும் முதல் 180 யூனிற் கீழ்ப் படிகளின் விலையில் போகும். குவித்துப் போட்டால் 316 யூனிற் உச்ச விலைக்குப் போய்விடும். முதல் நாள் அங்கே இருந்தவர் இதைக் கேட்கத் தயாராக இல்லை, "மீற்றரில இருக்கிறதைத்தான் போட்டிருக்கு" என்று அனுப்பிவிட்டார். அடுத்த கிழமை மூன்று பில்லின் போட்டோப் பிரதியையும், உத்தேச வாசிப்பு என்ற இடத்தைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு, எழுத்தில் கொடுத்தேன். வேறு ஒருவர் பொறுமையாகப் பார்த்துத் திருத்தித் தந்தார். வாயால் சொல்வதைவிடக் கடிதமாகக் கொடுத்து, இன்னொரு பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொண்டால் வேலை நடக்கும். அங்கேயும் சரிவராவிட்டால் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். எனக்கு அந்த அளவுக்குப் போக வேண்டி வரவில்லை.

ஆனால் பிரித்தாலும் மாதம் 302 யூனிற். அதற்கு இன்னும் பதில் இல்லை.

மீற்றர் மாற்றத்தான் மனு எழுதி வைத்திருந்தேன். அதைக் கொடுப்பதற்கு முதல் ஊரில் வயரிங் செய்யும் தம்பி ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் வந்ததும் டூல்ஸைக்கூடத் திறக்கவில்லை. "அக்கா, மீற்றரைப் பேசாதேங்கோ. முதல்ல மெயினை நிப்பாட்டிப் பாப்பம்" என்றார். மெயின் சுவிச்சை நிறுத்தினோம். மீற்றரில் இருக்கும் சிவப்பு லைற் சிமிட்டுவதை நிறுத்திவிட்டது. அந்த லைற் கரண்ட் போகப் போகச் சிமிட்டும். எங்கள் மீற்றரில் 1600 என்று அச்சடித்திருந்தது, அதாவது 1600 தரம் சிமிட்டினால் ஒரு யூனிற். மெயினை நிறுத்திய பிறகும் சிமிட்டினால் மீற்றரில் கோளாறு, அல்லது மீற்றருக்கும் மெயினுக்கும் இடையில் யாரோ வயர் எடுத்திருக்கிறார்கள். நின்றுவிட்டால் பிரச்சினை வீட்டுக்குள்ளே.

பிறகு மெயினைப் போட்டு, உள்ளே இருந்த பிரேக்கர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இறக்கினார். வீட்டில் ஒரு பல்ப்கூட எரியவில்லை. ஆனால் மீற்றர் சிமிட்டிக்கொண்டிருந்தது. நான் ஃபோனில் நேரம் பிடித்தேன். ஆறரைச் செக்கனுக்கு ஒருமுறை. அந்தத் தம்பி அங்கேயே கொப்பியில் கணக்குப் போட்டார்: மணிக்கு 550 சிமிட்டல், கிட்டத்தட்ட 345 வாற்ஸ். இருபத்து நாலு மணித்தியாலமும் போனால் ஒரு நாளைக்கு எட்டு யூனிற்றுக்கு மேல். யாருமே பாவிக்காத கரண்ட், மாதத்துக்கு 250 யூனிற்.

எங்கே போகிறது என்பதை அம்மாதான் சொன்னார். அவருக்குத் தெரியாமலே சொன்னார். நாங்கள் முற்றத்தில் நின்று இதைப் பேசிக்கொண்டிருக்க, திண்ணையில் இருந்த அம்மா, "மோட்டருக்குப் போற வயரோ? அங்க பைப்பைத் திறக்கேக்க எனக்கு இந்த வாதம் கூடுது மோனை" என்றார். மாரி தொடங்கியதிலிருந்து கிணற்றடிக் குழாயைப் பிடித்தால் கை விறைக்கிறது என்று அம்மா சொல்லிக்கொண்டுதான் இருந்தார். வாதம் என்று எண்ணெய் வாங்கிக் கொடுத்ததே நான்தான். இரவில் அந்தக் கைக்கு எண்ணெய் பூசிவிட்டதும் நான்தான். தம்பி உடனே, "அம்மா, அந்தப் பைப்பைத் தொடாதேங்கோ" என்று கத்திக்கொண்டு ஓடி மெயினை நிறுத்தினார். என் கால் இரண்டும் நடுங்கின. இன்றைக்கும் இதை எழுதும்போது அந்த இடத்தில் மூச்சு நிற்கிறது.

எங்கள் வீடு இந்திய வீட்டுத் திட்டத்தில் 2013 இல் கட்டியது. ரூபா 550,000 உதவியோடு, தங்கள் கையாலும் போட்டு அப்பாவும் அம்மாவும் எழுப்பிய வீடு. போர் முடியும்வரை எங்கள் பக்கத்தில் கம்பியில் வரும் கரண்டையே காணவில்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தவள் நான். அதனால் வயரிங் எல்லாம் பின்னாளில் காசு கிடைக்கக் கிடைக்க, துண்டு துண்டாகச் செய்தது. கிணற்று மோட்டருக்கு வயர் இழுத்தவர், மாரியில் ட்ரிப் சுவிச் அடிக்கடி விழுகிறது என்று, அதைத் தாண்டி மெயினிலிருந்தே நேரே எடுத்துக் கொடுத்திருக்கிறார். ட்ரிப் விழுந்ததே கசிவைக் காட்டுவதற்குத்தான். 30 மில்லி அம்பியர் மண்ணுக்குப் போனாலே கரண்டைத் துண்டிக்கும் சுவிச் அது. எங்களுக்குப் போனதோ ஒன்றரை அம்பியர். ட்ரிப் இருந்திருந்தால் முதல் மழைக்கே விழுந்து சொல்லியிருக்கும்.

தோண்டிப் பார்த்தபோது வயர் ஒரு சாண் ஆழத்தில், பைப் ஒன்றும் போடாமல், தண்ணீர் போகும் இரும்புக் குழாயோடு சேர்த்துக் கட்டியிருந்தது. வாழைக்கன்று நட்ட இடத்தில் மண்வெட்டி பட்டு வெட்டுண்டு, கறுப்பு ரேப் சுற்றிய ஒரு மூட்டு. நவம்பர் நடுவில் மழை இறங்கியதும் அந்த மூட்டு ஊறிவிட்டது. அங்கிருந்து நாற்பத்தெட்டு நாளுக்கு, நாளுக்கு எட்டு யூனிற்றாகக் கணக்கு வைத்துப் பார்த்தால், 604 இல் எங்கள் வழமையான 220 போகக் கூடுதலாகப் போன 384 யூனிற் சரியாக வந்து நின்றது. அந்தக் கணக்கு பொருந்தியபோதுதான் மீற்றர் மீது இருந்த சந்தேகம் எனக்குப் போனது.

இருந்தாலும் தம்பி மீற்றரையும் ஒருமுறை சோதித்துக் காட்டினார். பழுதான வயரைக் கழற்றிவிட்டு, பக்கத்து வீட்டில் கோழிக்குஞ்சுப் பெட்டிக்கு வைத்திருந்த 100 வாற்ஸ் பழைய குண்டு பல்ப் இரண்டைக் கொண்டுவந்து அவற்றை மட்டும் எரியவிட்டார். 200 வாற்ஸுக்கு 1600 மீற்றர் பதினொரு செக்கனுக்கு ஒருமுறை சிமிட்ட வேண்டும். அப்படியே சிமிட்டியது. அயன் பொக்ஸை வைத்து இதைச் செய்யக்கூடாது, அது சூடானதும் தானே நின்று நின்று எரியும், கணக்குக் குழம்பும் என்றார்.

புது வயரை இரண்டடி ஆழத்தில் பிவிசி பைப்புக்குள் விட்டு, ட்ரிப் சுவிச் வழியாகக் கொடுத்து, கிணற்றடியில் ஏர்த் கம்பியும் அடித்தோம். கசிந்த யூனிற் எல்லாவற்றுக்கும் நாங்கள்தான் கட்டினோம், இரண்டு தவணையாக. மீற்றருக்கு இந்தப் பக்கம் நடந்ததற்கு வீட்டுக்காரர்தான் பொறுப்பு, அதில் வாதிட எதுவும் இல்லை.

கந்தோரில் இன்னொரு சிக்கலும் தெரிய வந்தது. கணக்கு இன்னும் அப்பாவின் பெயரில் இருந்தது. அப்பா இறந்து ஒன்பது வருடம். பில்லைக் கட்டும்வரை யாரும் கேட்கவில்லை, முறைப்பாடு என்றதும் கணக்குக்காரர் எங்கே என்று கேட்டார்கள். என் கனேடியப் பாஸ்போர்ட் அங்கே உதவவில்லை. எங்கள் காணி குடியேற்றத் திட்டத்தில் பெர்மிட் கொடுத்த காணி, உறுதிப் பத்திரம் இல்லை. பெர்மிட் பிரதி, அப்பாவின் இறப்புச் சான்றிதழ், அம்மாவின் அடையாள அட்டை, கிராம சேவையாளரின் கடிதம் இவ்வளவையும் கொடுத்து அம்மாவின் பெயருக்கு மாற்றினோம். மூன்று முறை அலைந்தோம். ஊரில் தாய் தகப்பனை விட்டுவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்கள் விடுமுறைக்கு வரும்போது இதைச் செய்துவிட்டுப் போங்கள். அவசரம் வந்த பிறகு செய்வது கடினம்.

பெப்ரவரி பில் 104 யூனிற். இப்போது மீற்றர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி நூலில் தொங்குகிறது. நாங்கள் மே மாதம் கனடாவுக்குத் திரும்பி வந்துவிட்டோம். அம்மா ஒவ்வொரு ஞாயிறும் ஃபோனில் புள்ளிக்கு முன்னால் இருக்கும் இலக்கத்தை வாசிப்பார், நான் இங்கே எழுதிக்கொள்வேன். போன ஞாயிறு பன்னிரண்டு யூனிற் கூடியிருந்தது. கை எப்படி என்று கேட்டேன். எண்ணெய்ப் போத்தலைத் தூக்கி அலுமாரியில் வைத்துவிட்டேன் என்றார்.