கைமாற்றாகப் போன கம்ப்ரசர்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹாவுக்குக் குடிவந்த முதல் வருஷம் குளிரைக்கூடச் சமாளித்துவிட்டோம். பக்கத்து வீட்டுக்காரரின் மௌனத்தைத்தான் சமாளிக்க முடியவில்லை. பனி கொட்டினால் தன் வாசலோடு எங்கள் வாசலையும் மெஷினால் தள்ளிச் சுத்தம் செய்துவிடுவார். ஓடிப்போய் நன்றி சொன்னால் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். கோபமா கூச்சமா, ஒன்றும் விளங்காது. ஆபீஸில் இதைச் சொன்னபோது, "'நெப்ராஸ்கா' பாருங்கள், புரியும்" என்றார் உள்ளூர்க்காரர் ஒருவர்.

2013-இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். இயக்கிய அலெக்சாண்டர் பெய்ன் ஒமாஹாவில் பிறந்தவர். பத்து லட்சம் டாலர் பரிசு என்று வந்த விளம்பரக் கடிதத்தை நம்பி, மொன்டானாவின் பில்லிங்ஸிலிருந்து நெப்ராஸ்காவின் லிங்கன் நகருக்கு நடந்தே கிளம்புகிறார் வுடி என்ற கிழவர். நிறுத்திப் பார்த்துத் தோற்றுப்போன இளைய மகன், சரி, நானே கூட்டிப்போகிறேன் என்று காரை எடுக்கிறான். வழியில் சொந்த ஊரில் தங்க, பணம் வந்த சேதி பரவுகிறது. அப்புறம் என்ன, பங்காளிகளுக்குப் பழைய கடன்களெல்லாம் ஞாபகம் வந்துவிடுகிறது. வுடியாக நடித்த புரூஸ் டெர்னுக்குக் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. என்னைக் கேட்டால், வாய்த்துடுக்கான மனைவியாக வரும் ஜூன் ஸ்க்விப்புக்கு இன்னும் நாலு காட்சி கொடுத்திருக்கலாம்.

அந்தப் படத்தை அப்பா வந்திருந்தபோது மறுபடியும் போட்டேன். அப்பா நாமக்கல்லில் லாரி ஓட்டியவர். கல்கத்தா, கௌஹாத்தி வரை லோடு கொண்டுபோனவர். ஆங்கிலம் தெரியாது, ஆங்காங்கே நான் சொல்லிக்கொண்டு வந்தேன். அண்ணன் தம்பிகள் வரிசையாக உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் டிவியையே வெறித்தபடி பழைய காரைப் பற்றி ரெண்டு வார்த்தை பேசும் காட்சி. "இவுங்க வார்த்தைக்கு இவ்வளவுன்னு காசு குடுத்துத்தான் பேசோணுமாட்ட இருக்குது" என்றார்.

கிழவருக்கு அந்தப் பணத்தில் வேண்டியது ஒரு புது டிரக்கும் ஒரு ஏர் கம்ப்ரசரும்தான். பழைய கம்ப்ரசரைக் கூட்டாளி ஒருவன் பல வருஷத்துக்கு முன் வாங்கிப்போய்த் திருப்பித் தரவேயில்லை. இதைச் சொன்னதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "கம்ப்ரசரா? அதைப் போயி கைமாத்தாக் குடுப்பாங்களா கண்ணு? பட்டறையில பாதி சண்டை அதுலதான் வரும்." மகன்கள் ரெண்டு பேரும் அந்தக் கம்ப்ரசரைத் திருடப்போய், சம்பந்தமே இல்லாதவர் வீட்டிலிருந்து தூக்கிவரும் இடத்தில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வுடி தொலைத்த பல்செட்டை ரயில் தண்டவாளத்தில் தேடும்போது மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கும் அந்த வருஷம்தான் பல்செட் கட்டியிருந்தது.

படத்தில் வுடியின் சொந்த ஊராக வரும் ஹாத்தோர்ன் கற்பனை ஊர். பெரும்பகுதியைப் படம்பிடித்தது பிளெய்ன்வியூ என்ற சிற்றூரில். 1,200 சொச்சம் பேர் இருந்தால் அதிகம். பார்க்கணும் என்று அப்பா ஒற்றைக் காலில் நிற்க, அக்டோபரில் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். நல்லவேளை, அன்றைக்கு லிங்கனில் ஃபுட்பால் இல்லை. இருந்தால் பல்கலைக்கழக அணியின் ரசிகர்களான சிவப்புச் சட்டைக்காரர்கள் ரோட்டை அடைத்திருப்பார்கள். 275-ஆம் நம்பர் ரோட்டில் இரண்டு பக்கமும் காய்ந்த மக்காச்சோளம், நடுநடுவே அறுவடை மெஷின்கள். எதிரே வரும் டிரக்குக்காரர்கள் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கி வணக்கம் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் பக்கத்து சீட்டிலிருந்த அப்பாவும் விரலைத் தூக்க ஆரம்பித்துவிட்டார். பிளெய்ன்வியூவில் பார்க்கப் பெரிதாக எதுவும் இல்லை. ஒரு மெயின் ரோடு, தானியக் கிடங்கு, அவ்வளவுதான். ஆனால் நிறுத்தியிருந்த பதினெட்டுச் சக்கர லாரி ஒன்றை அப்பா குனிந்து சுற்றிப் பார்க்க, அதன் டிரைவர் ஒரு கேள்வியும் கேட்காமல் பானெட்டைத் திறந்து காட்டினார். பாஷையே இல்லாமல் இரண்டு பேரும் இன்ஜினுக்குள் விரல் நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் காபி வாங்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்றார். எங்கே போனீர்கள் என்றார், சொன்னேன். அச்சு அசலாகப் படத்தில் வரும் கேள்வியையே கேட்டார்: "எவ்வளவு நேரம் ஆச்சு?" சாப்பிட நிறுத்தியதையும் சேர்த்து மூன்றரை மணி நேரம் என்றேன். அவர் முகம் சுருங்கியது. "என்னங்கறாரு?" என்றார் அப்பா. சொன்னேன்.

"அவரு கேக்கறது நாயந்தானே. நீ உருட்டுன உருட்டுக்கு நானா இருந்தா ரெண்டரைல போயிருப்பேன்னு சொல்லு."

மொழிபெயர்த்தேன். அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.