எத்தனை மணிக்கு எடுக்கிறது

21 அக்டோபர் 2023
அப்பாவின் சோதனை முடிவு இன்னும் வரவில்லை. திங்கள் என்கிறார்கள்.

22 அக்டோபர்
இரவு, ஆஸ்பத்திரியில் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி. விளக்கை அணைத்துவிட்டார்கள், வாசிக்க முடியாது. கூட வேலை செய்கிற பிள்ளை சொன்ன ‘வுடன் ஓவர்கோட்ஸ்’ என்ற நகைச்சுவை நாடகப் பாட்காஸ்டைப் போட்டேன். மர மேலங்கி என்றால் இங்கே பிரித்தானியாவில் பேச்சுவழக்கில் சவப்பெட்டியாம். தெரிந்திருந்தால் இந்த அறையில் அதைத் தொட்டிருக்கவே மாட்டேன். தெரியவந்தபோது பாதி கேட்டாகிவிட்டது, நிறுத்த மனம் வரவில்லை.

ஆங்கிலக் கால்வாயில் பிஃப்லிங் என்று ஒரு கற்பனைத் தீவு. ஊருக்கே ஒரே ஒரு சவ அடக்க நிலையம். ருட்யார்ட், ஆன்டிகனி என்ற இரட்டையர் நடத்துகிறார்கள். ருட்யார்டுக்கு மனிதரோடு இரண்டு வார்த்தை இதமாகப் பேசத் தெரியாது. அவருக்கு ஒரே கொள்கைதான்: உடல் பெட்டிக்குள், பெட்டி மண்ணுக்குள், நேரத்துக்கு. அப்போது எரிக் சாப்மேன் என்பவர் வந்து எதிரிலேயே கடை திறக்கிறார். சிரித்த முகம், நல்ல மனசு, ஊர் முழுக்க அவர் பக்கம் சாய்கிறது. கதை சொல்வது மேடலின் என்ற சுண்டெலி. செத்தவீட்டில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மூலையில் இருக்கிற குழந்தை மாதிரி ஒரு குரல்.

மூன்று தரம் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் படுத்தார்.

23 அக்டோபர்
திங்கள் வந்தது. முடிவு வரவில்லை.

25 அக்டோபர்
அண்ணாவுக்குத் தெரிந்துவிட்டது. “அப்பா கிடக்கிற கிடைக்கு உனக்குச் செத்தவீட்டுக் கதை கேக்குதோ?” என்றான். மச்சாள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் போகும்போது அப்பாவின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, எனக்கும் பூசினா.

அண்ணாவுக்கு என்ன பதில் சொல்ல? முதல் சீசன் எட்டு அத்தியாயத்தையும் கேட்டுவிட்டேன். இறந்தவரைப் பார்த்து அதில் யாரும் சிரிக்கிறதில்லை. சிரிப்பெல்லாம் இருப்பவர்கள் மேலேதான்: யார் பெரிதாகச் செய்வது, யாரை ஊர் மெச்சும், எதிர்க்கடையில் எத்தனை பேர் நிற்கிறார்கள். எங்கள் வீட்டில் நடக்கிறதும் இதுதானே. அண்ணா போன கிழமையே செத்தவீட்டுக்கு இரண்டு இடத்தில் விலை விசாரித்திருக்கிறான். குதிரை வண்டி, கனடாவுக்கும் ஊருக்கும் நேரலை, மண்டபம். அப்பா உயிரோடு இருக்கிறார். இன்றைக்கு அரைக் கோப்பை சூப் குடித்தார்.

27 அக்டோபர்
அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டேன். தாடைக்குக் கீழே தோல் மடிந்து பிளேடு நிற்க மாட்டேன் என்கிறது. இடது கையால் தோலை இழுத்துப் பிடித்து, மூக்குக்குக் கீழே வந்ததும் மூச்சை நிறுத்திக்கொண்டேன். அவரும் நிறுத்திக்கொண்டார்.

ஆன்டிகனியை நினைத்துக்கொண்டேன். நிலவறையில் உடல்களோடு மட்டுமே பழகி, வெளிச்சத்துக்கு வரக் கூசுகிற பெண். நடிகை பெத் அயர் அந்தக் குரலில் எவ்வளவு ஏக்கம் வைத்திருக்கிறா. ருட்யார்ட் கடையை எப்படிக் கெடுத்தாலும், கீழே அவ தன் வேலையைக் குறையில்லாமல் செய்கிறா. பழைய கிரேக்கக் கதையில் சகோதரனை அடக்கம் செய்யப் போராடியவளின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஊரில் என்றால் நாங்களே குளிப்பாட்டுவோம். இங்கே முன்பின் தெரியாத ஒருவர். அவர் தோலை இழுத்துப் பிடிப்பாரா?

28 அக்டோபர்
“என்ன பிள்ளை தனியச் சிரிக்கிறாய்? எனக்கும் தா” என்றார் அப்பா.

பயந்து பயந்து ஒரு இயர்பட்டை அவருடைய வலது காதில் வைத்தேன். காது மெலிந்துவிட்டது, நிற்கவில்லை. அரை மணித்தியாலம் விரலால் பிடித்துக்கொண்டே இருந்தேன். ருட்யார்டின் அந்த ‘நேரத்துக்கு’ வந்ததும் அப்பா கண்ணைத் திறந்தார்.

“அவன் சரியாத்தான் சொல்லுறான். செத்தவீட்டில ஆர் வந்தாலும் கடைசியில கேக்கிறது, எத்தினை மணிக்கு எடுக்கிறது எண்டுதானே.”

பருத்தித்துறை டிப்போவில் டைம்கீப்பராக இருந்த மனுஷன். 750ஆம் பஸ் ஒரு நிமிஷம் பிந்தினாலும் பதிந்து வைக்கிறவர். சிரித்தார், அப்புறம் இருமல் வந்துவிட்டது. நேர்ஸ் ஓடி வந்தா. நான் குற்றவாளி மாதிரி நின்றேன், ஆனால் அவர் சிரித்தார்.

29 அக்டோபர்
மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைக்கிற நாள். அப்பா தன்னுடையதைத் தொட விடவில்லை.

31 அக்டோபர்
முடிவு வந்தது.

1 நவம்பர்
எழுத முடியவில்லை.

3 நவம்பர்
வேலைக்குப் போனேன். அந்தப் பிள்ளையிடம் அப்பாவும் கேட்கிறார் என்றதும் அழுதுவிட்டா. அவவின் அம்மம்மா இறந்த மாதம்தான் அவவும் கேட்கத் தொடங்கினாவாம். 2015இல் தொடங்கி 2022இல் நாலாவது சீசனோடு முடித்திருக்கிறார்கள். கேட்டவர்களும் பணம் போட்டுத்தான் இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒரு சவக்கடைக் கதைக்கு ஏன் இவ்வளவு பேர் காசு கொடுத்தார்கள் என்று போன மாதம் கேட்டிருந்தால் எனக்கு விளங்கியிருக்காது.

இங்கே எரிக்கிறதுக்கு இரண்டு, மூன்று கிழமை காத்திருக்க வேணும். அதிலும் கொடுக்கிறது முக்கால் மணித்தியாலம். பிந்தினால் அடுத்த குடும்பம் வாசலில் நிற்கும். இதை அண்ணா சொல்லவில்லை, நானே தேடிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

5 நவம்பர்
வெளியே கை ஃபாக்ஸ் நாள் வாணவெடி. அப்பா ஊர்ச் சண்டைக்கால ஞாபகத்தில் கட்டிலுக்குக் கீழே இறங்கப் பார்த்தார். இயர்பட் வைத்தேன். மேடலின் பேசத் தொடங்கியதும் அடங்கினார். பெலிண்டா லாங் என்ற அந்த நடிகையின் கையைப் பிடித்து நன்றி சொல்ல வேணும் போல இருந்தது.

6 நவம்பர்
அண்ணா வந்தான். வழக்கமான சண்டைக்கு ஆயத்தமாக இருந்தேன். அப்பாவின் காதில் இருந்ததைப் பார்த்தான், என் விரலை எடுத்துவிட்டுத் தானே பிடித்துக்கொண்டான். அவனுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. மற்றது என் காதில்.

8 நவம்பர்
மூன்றாவது சீசன். பாதியில் அப்பா கையை உயர்த்தினார், நிறுத்தினேன்.

“எத்தினை நிமிஷம் மிச்சம்?”

பன்னிரண்டு என்றேன். தலையை ஆட்டிவிட்டு, நாளைக்குக் கேப்பம் என்றார்.