150 லிட்டரில் நான்கு நாள்: எங்கள் இரண்டாவது ஆர்வி பயணம்

போன வருஷம் முதல்முறையாக ஆர்வி (படுக்கை, சமையல், கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி) வாடகைக்கு எடுத்தபோது இரண்டாம் நாள் காலையிலேயே தண்ணீர் தீர்ந்துவிட்டது. தலை முழுக்க ஷாம்பு நுரையோடு நின்றது நான்தான். அதனால் இந்தமுறை ஒரே இலக்கு: டேங்கை மறுபடி நிரப்பாமல் மினசோட்டாவின் இதாஸ்கா பூங்காவில் நான்கு நாள் ஓட்டிவிட வேண்டும்.

வண்டி அதே ரகம். 25 அடி நீளம், கிளாஸ் சி, டிரைவர் தலைக்கு மேலே ஒரு படுக்கை. நல்ல தண்ணீர் டேங்க் 40 காலன், அதாவது சுமார் 150 லிட்டர். ஆள் நான்கு பேர்: நான், இவர், பையன், மதுரையிலிருந்து வந்திருக்கும் அம்மா. சிகாகோ பக்கமிருந்து மினியாபொலிஸ் போய் அக்கா வீட்டில் இரண்டு இரவு, அப்புறம் வடக்கே 350 கிலோமீட்டர் தள்ளி இதாஸ்கா ஸ்டேட் பார்க். ஜூன் கடைசி.

அக்கா வீட்டு வாசலிலேயே முதல் சறுக்கல். ஆர்வி கேட்பது 30 ஆம்ப், வீட்டு பிளக்கில் வருவது 15. அடாப்டர் போட்டு விளக்கு, பிரிட்ஜ் வரை ஓட்டலாம். நான் ஏசியையும் போட்டேன். வீட்டு பிரேக்கர் விழுந்தது, அக்காவின் கிரைண்டரும் பாதி மாவோடு நின்றது. "உன் பஸ்ஸ எங்கயாச்சும் காட்டுக்குள்ள கொண்டுபோய் நிறுத்துடி" என்றாள்.

காட்டுக்குத்தான் போனோம். இதாஸ்காவில் நாங்கள் எடுத்த இடத்தில் கரண்ட் மட்டும் உண்டு, தண்ணீர் இணைப்பு கிடையாது. குளியல், பெரும்பாலும் கழிவறையும், பொது இடத்தில்தான் என்று வீட்டிலேயே சட்டம் போட்டுவிட்டோம். ஆனால் டேங்கைக் காலி பண்ணுவது பாத்திரம். முதல் நாள் நான் குழாயைத் திறந்துவைத்துத் தேய்ப்பதைப் பார்த்த அம்மா, "இதென்ன ஆத்தங்கரையா?" என்று கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். தட்டை முதலில் பேப்பரால் துடைத்துவிடுவாள். ஒரு சொம்புத் தண்ணீர் தேய்க்க, ஒரு சொம்பு அலச. அலசிய தண்ணீரைக் கொட்டாமல் மூடிவைத்து அடுத்த வேளைக்குத் தேய்க்க எடுத்துக்கொள்வாள். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் குழாய்த் தண்ணீரில் எங்களை வளர்த்தவள், அவளிடம் நான் என்ன பேச.

தாளிப்புதான் உள்ளே ஆகவில்லை. கடுகு வெடித்த மறுநொடி புகை அலாரம் கத்தியது. அப்புறம் வெளியே மர மேஜையில் இண்டக்ஷன் அடுப்பு வைத்துச் சமைத்தோம். கருங்கரடி இருக்கும் காடு என்பதால் சாப்பிட்டு முடித்ததும் புளியோதரை டப்பா வரைக்கும் வண்டிக்குள் ஏற்றிவிட வேண்டும்.

மிசிசிப்பி ஆறு இங்கே இருக்கும் இதாஸ்கா ஏரியிலிருந்துதான் கிளம்புகிறது. மெக்ஸிகோ வளைகுடாவுக்கு 2,552 மைல் என்று அங்கே ஒரு மரத்தூணில் செதுக்கியிருக்கிறது. கல் மேல் கால் வைத்து ஆற்றையே தாண்டிவிடலாம். அம்மா சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு நடுவில் நின்றாள். "நம்ம வைகை இதைவிட எத்தனை அகலம்!" என்றவள், கொஞ்சம் கழித்து "தண்ணிதான் இல்ல" என்றாள்.

எனக்கு மனசில் நிற்பது லூன். மினசோட்டாவின் மாநிலப் பறவை. முதல் இரவு அது நீட்டிக் கூப்பிட்டதும் அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "யாரோ ஒப்பாரி வைக்கிறாப்ல இருக்குடி." மறுநாள் விடியலில் வாடகைப் படகில் போனபோது இருபதடி தூரத்தில் பார்த்தோம். கருந்தலை, முதுகில் சதுரங்கப் பலகை மாதிரி வெள்ளைக் கட்டங்கள், குங்குமச் சிவப்பில் கண். முதுகில் சாம்பல் பஞ்சு உருண்டையாக ஒரு குஞ்சு. மற்ற பறவைகளுக்குப் பெரும்பாலும் பொள்ளலாக இருக்கும் எலும்பு இதற்குக் கெட்டி. அதனால் எடை கூடி முங்க வசதி. இன்னொரு லூன் சத்தமே இல்லாமல் தண்ணீருக்குள் போய்விட்டது. பையன் எண்ண ஆரம்பித்தான். 48 வரை எண்ணினான், அது எங்கேயோ எதிர்ப்பக்கம் தலை தூக்கியது.

திரும்பும் வழியில் சாலையோரச் சரளையில் ஒரு பெரிய ஆமை பின்காலால் குழி பறித்து முட்டையிட்டுக்கொண்டிருந்தது. எங்கள் வண்டியை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

நான்காம் நாள் காலை பேனலில் இன்னும் மூன்றில் ஒரு பங்கு காட்டியது. ஐம்பது லிட்டர் மிச்சம்! கழிவைக் காலி பண்ணும்போது முதலில் கழிவறைக் கழிவு சேரும் பிளாக் டேங்க், அப்புறம்தான் கிரே. பாத்திரம், குளியல் தண்ணீர் பின்னால் வந்து குழாயைக் கழுவிவிடும். எங்கள் கிரே டேங்கிலோ கழுவும் அளவுக்குத் தண்ணீரே சேரவில்லை.

"அப்ப மிச்சத்த நான் தலைக்கு ஊத்திக்கிறேன்" என்று அம்மா சீயக்காய் டப்பாவோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.