கோடாதபேலாவுக்கு மேலே திறக்கும் லாங்டாங்

நேபாளம் என்றதும் எவரெஸ்ட், அன்னபூர்ணா என்று ஓடுகிறவர்கள் லாங்டாங் பள்ளத்தாக்கை விட்டுவிடுவது பெரிய அநியாயம். செலவு, தங்குமிடம், எடுத்துப்போக வேண்டியவை என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதலில் அந்த ஜீப் ஓட்டுநரைப் பற்றிச் சொன்னால்தான் மனசு ஆறும்.

காத்மாண்டுவின் மச்சாபோக்ரியிலிருந்து, நடை தொடங்கும் ஊரான சியாப்ருபேசிக்கு பஸ் உண்டு. நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான். பகல் முழுவதையும் விழுங்கிவிடும். அன்று பஸ்ஸில் இடமில்லை, ஜீப்பில் ஏறினோம். பேசிய வாடகை ஒன்று. துன்சே சோதனைச்சாவடி தாண்டி இருட்டத் தொடங்கியதும் வண்டியை ஓரங்கட்டி, கூரைமேல் கிடந்த பைகளுக்குத் தனிக் காசு கேட்டார். மலைப் பாதையில், இறங்கிப் போக வழியில்லாத இடத்தில் இப்படிக் கேட்பது பச்சைக் கொள்ளை. ஏறும் முன்பே "பைக்கும் சேர்த்து" என்று நாலு பேர் முன்னிலையில் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஆறுதல்: லாங்டாங் தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணம் மற்ற வெளிநாட்டவருக்கு 3,000 நேபாள ரூபாய், இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு 1,500. நம் ரூபாய்க்கு அவர்களுடையது 1.60 என்பதால் ஆயிரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

லாமா ஹோட்டல் என்ற ஊர் வரை குறுகிய பள்ளமும் காடும் ஆற்று இரைச்சலும்தான். கோடாதபேலாவில், சுமார் 3,000 மீட்டர் உயரத்தில், எல்லாம் மாறுகிறது. மரங்கள் விலகி, பள்ளத்தாக்கு சட்டென்று அகன்று நிற்கிறது. கீழே ஆறு மட்டுமே அறுத்த இடம் கூர்மையாக இறங்குகிறது. மேலே ஒருகாலத்தில் பனிப்பாறை நகர்ந்து தரையையும் இருபக்கச் சுவரையும் சேர்த்துச் சுரண்டியதால் அடி அகலமாகவும் சுவர்கள் செங்குத்தாகவும் இருக்கின்றன. கிளைப் பனிப்பாறைகளுக்கு அந்த அளவு ஆழம் தோண்டும் பலமில்லை. அதனால் அவற்றின் பள்ளத்தாக்குகள் உயரத்திலேயே நின்றுவிட, தண்ணீர் அங்கிருந்து அருவியாய் விழுகிறது. இந்தப் பகுதியை வேகமாக நடந்து கடப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது.

சற்று மேலே போனால் பாதை கற்குவியலின் மேல் ஏறுகிறது. பழைய லாங்டாங் ஊர் இதற்கு அடியில்தான் இருக்கிறது. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் மேலிருந்து பனியும் பாறையும் சரிந்து ஊரையே மூடின. அந்தச் சரிவு கிளப்பிய காற்றின் வேகத்தில் எதிர்ச்சரிவின் மரங்கள் சாய்ந்தன. இறந்தவர்களின் பெயர்கள் பொறித்த நினைவுச் சுவர் இருக்கிறது. அதன் முன் செல்ஃபி எடுக்காதீர்கள், தயவுசெய்து.

புதிய ஊரைத் தாண்டினால் மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய, நீளநீளமான 'மணி' சுவர்கள். சுவர் நம் வலப்பக்கம் இருக்கும்படி நடக்க வேண்டும். ஓரிடத்தில் சின்னக் கல்கூண்டுக்குள் ஓடைத்தண்ணீர் பிரார்த்தனைச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது; மேலே வண்ணம் உரிந்த மரம், கீழே பாசி படிந்த துடுப்புகள். அங்கே வெகுநேரம் நின்றேன்.

உயரம் கூடக்கூட விலையும் கூடும், உண்மைதான். அரிசியே சுமந்து வரவேண்டிய இடம், அதில் பேரம் பேசுவது தவறு. பட்ஜெட்காரர்களுக்கு தால் பாத்தே கதி: சோறும் பருப்பும் மறுபடி மறுபடி வைப்பார்கள். நான் சாப்பிட்ட வீட்டில் உருளைக்கிழங்குக் கறியில் டிம்மூர் என்ற மலைமிளகின் காரம் நாக்கை மரக்க வைத்தது. வீட்டுக்கார அக்கா கேட்காமலேயே மூன்றாம் முறையும் சோறு போட்டார். காத்மாண்டுவில் இரு மடங்கு கொடுத்துச் சாப்பிட்டது இதன் கிட்டே வராது.

கியாஞ்சின் கோம்பா ஊரில் (3,870 மீட்டர்) சீஸ் வாங்காமல் இறங்காதீர்கள். சுவிஸ் உதவியோடு 1950களில் தொடங்கிய தொழிற்சாலை. கெட்டியான மஞ்சள் துண்டு, மெல்ல மெல்ல உப்பும் கொழுப்பும் ஊறிவரும். காசு மிச்சம் பிடிக்க வேண்டுமானால் சூடான குளியலையும் கைபேசி சார்ஜையும் குறைத்துக்கொள்ளுங்கள், சீஸில் கைவைக்காதீர்கள். அங்கே கூடுதலாக ஓர் இரவு தங்கினால், உடம்பு உயரத்துக்குப் பழகிய பிறகு 4,700 மீட்டரைத் தாண்டும் கியாஞ்சின் ரீ சிகரத்தின் மீது ஏறலாம். தலைவலி இருந்தால் ஏறவே வேண்டாம், ஊரிலிருந்தே லாங்டாங் லிருங் சிகரம் தெரிகிறது.