வெள்ளை நாடா

வங்கியில் பென்ஷன் கவுண்டரில் பத்து வருடம் இருந்தேன். வேலூர்ப் பக்கத்துக் கிளை. வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போன கிராமங்கள் சுற்றிலும் உண்டு. நவம்பர் பிறந்தால் உயிர்வாழ் சான்று கொடுக்கக் கதவு திறப்பதற்கு முன்பே வாசலில் வரிசை நிற்கும்.

அந்த வரிசையில்தான் 2009-இல் அவரை முதலில் பார்த்தேன். மற்றவர்கள் தனக்குப் பென்ஷன் எவ்வளவு ஏறும் என்று கேட்பார்கள். அவர் கேட்டது வேறு. "நான் போய்ட்டா என் வீட்டம்மாவுக்கு வர்றதுல ஏதாவது தடங்கல் இருக்காம்மா?"

பி.பி.ஓ.வை, அதாவது அவருடைய பென்ஷன் வழங்கும் ஆணையை, புரட்டிப் பார்த்தேன். இருந்தது. மனைவியின் பெயரில் 'அம்மாள்' என்ற பின்பாதி இல்லை. பிறந்த வருடமும் அவருடைய மற்ற ஆவணங்களோடு ஒத்துப்போகவில்லை. கல்யாணமான காலத்தில் யாரோ அவசரத்தில் எழுதியது அப்படியே நின்றுவிட்டது. இப்படிச் சின்னப் பிழையால் கணவர் இறந்தபின் மாதக்கணக்கில் அலைந்த எத்தனையோ பெண்களை அந்தக் கவுண்டரில் பார்த்திருக்கிறேன். அதனால் மறைக்காமல் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. "சரி, அப்போ இப்பவே எடுத்துடுவோம்" என்றார், காலில் தைத்த முள்ளைச் சொல்வதுபோல.

1963-இல் பட்டாளத்தில் சேர்ந்தவர். சீனப் போருக்குப் பிறகு ஆட்களை நிறைய எடுத்த சமயம். மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது பெங்களூரில் தலைமையகம் உள்ள பொறியாளர் படை. ராணுவத்தில் அவர்களைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். எழுபது வயதை நெருங்கியும் அதைச் சொல்லும்போது அவருக்கு ஒரு பூரிப்பு வரும். 1971 டிசம்பரில், பாகிஸ்தான் போரின்போது, ஷக்கர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றங்கரையில் இருந்தார். எதிரி புதைத்த கண்ணிவெடிகளுக்கு நடுவே டாங்கிகள் போக வழி செய்வது அவர்கள் வேலை.

கூட்டமில்லாத ஒரு மத்தியானம் அதை எனக்குக் காட்டினார். என் மேஜையில் கிடந்த பேனாவை எடுத்து, லெட்ஜர் ஓரத்தில் சாய்த்துப் பிடித்தார். கம்பியை இப்படிச் சாய்வாகத்தான் மண்ணில் செருக வேண்டுமாம். நேராகக் குத்தினால் வெடியின் தலையில் பட்டுவிடும். கொஞ்சம் தள்ளி மறுபடி. தட்டுப்பட்டால் நிறுத்தி, கையால் மண்ணை விலக்க வேண்டும். சுத்தமான இடத்தின் இரண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டிக்கொண்டே போக வேண்டும். "பின்னாடி வர்றவன் இருட்டுல அந்த நாடாவை மட்டும் நம்பி வருவாம்மா" என்றார். பேனாவை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

மூத்த மகள் பிறந்தபோது அவர் எல்லையில் இருந்தார். ஐந்து மாதம் கழித்துதான் பார்த்தாராம். ஓய்வு பெற்று வந்தபின் இரவுக் காவலுக்குப் போய் இரண்டு பெண்களையும் படிக்க வைத்தார். பதக்கங்களைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். மகள்களின் மார்க் மட்டும் வருடவாரியாக ஞாபகம் இருந்தது.

பெயர்த் திருத்தத்துக்காக அவர் எழுதிய மனுக்களுக்குக் கணக்கில்லை. ஒன்று திரும்பி வந்தால், என்ன குறை என்று என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டு போவார். அடுத்த வாரம் அந்தக் காகிதத்தோடு வருவார். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. மூன்று வருடம் கழித்துத் திருத்திய ஆணை வந்த அன்று மனைவியையும் கூட்டி வந்தார். அந்தம்மாவுக்கு எதற்கு வந்தோம் என்றே தெரியவில்லை. அவர் ஆணையில் இருந்த பெயரை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்துக் காட்டினார்.

அப்புறம் ஜீவன் பிரமாண் வந்தது, கைரேகை வைத்து உயிர்வாழ் சான்று கொடுக்கும் முறை. கருவியில் அவர் ரேகை விழவேயில்லை. அவ்வளவு தேய்ந்த விரல்கள். அந்தம்மா முந்தானையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்து, தானே பிடித்துக் கண்ணாடியில் அழுத்துவார். ஐந்தாவது, ஆறாவது தடவையில் பச்சை விளக்கு எரியும். இரண்டு பேரும் ஒன்றாகச் சிரிப்பார்கள்.

2019-இல் அவர் காலமானார். ஒரு மாதம் கழித்து அந்தம்மா மட்டும் வந்தார், கையில் வெள்ளை நாடாவால் கட்டிய ஒரு கோப்போடு. பிரித்தேன். பி.பி.ஓ., திருத்திய ஆணை, ஆதார், பாஸ்புக் நகல், சேர்ந்து எடுத்த போட்டோ, எல்லாம் நான் எந்த வரிசையில் கேட்பேனோ அதே வரிசையில். மேலே ஒரு துண்டுச் சீட்டு, அவர் கையெழுத்தில்: 'இறப்புச் சான்றிதழ் வந்ததும் இங்கே வைக்கவும்.'

அந்தம்மா அதை அங்கேதான் வைத்திருந்தார்.

அடுத்த மாதமே குடும்ப ஓய்வூதியம் கணக்கில் ஏறியது. ஆனால் அன்று, நகல்களை எடுத்துக்கொண்டு கோப்பைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் வாங்கவில்லை.

"அவரு கட்டுன மாதிரியே கட்டிக் குடும்மா" என்றார்.