மண் சுமக்கும் ஊரும் மண் அள்ளும் ஊரும்

அம்மா பிறந்த ஊர் உடன்குடிக்குப் பக்கத்தில் என்பதால், திருச்செந்தூரிலிருந்து உவரி வரை கடலை ஒட்டிச் செல்லும் சாலை எனக்குப் பள்ளி விடுமுறைக் காலத்திலிருந்தே பழக்கம். ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலையில் எந்த ஊரில் இறங்கினாலும் செருப்புக்குள் மணல் புகுந்துவிடும். கரையோரம் வெளிர்மணல், சற்று உள்ளே தள்ளிப் போனால் தேரி எனப்படும் மணல்மேட்டின் செம்மணல். அங்குள்ள திருவிழாக்களும் அந்த மணலை விட்டு விலகி நடப்பதில்லை.

வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பது குலசேகரன்பட்டினம் தசராவைப் பற்றித்தான். ஞானமூர்த்தீஸ்வரரும் முத்தாரம்மனும் ஒரே பீடத்தில் அமர்ந்திருக்கும் அந்தக் கோயிலில், நவராத்திரியின் முதல் நாள் கொடி ஏறியதும் காப்புக் கட்டிக்கொண்டவர்கள் குறவன், குறத்தி, அரசன், போலீஸ்காரர், குரங்கு, கரடி, பைத்தியக்காரர் என்று நேர்ந்துகொண்ட வேடத்தைப் பூண்டு, ஊர் ஊராகக் காணிக்கை கேட்டுக் கிளம்புவார்கள். காளி வேடத்துக்கு மட்டும் கட்டுப்பாடு அதிகம். பல வாரங்கள் விரதமிருந்து, ஊருக்கு வெளியே ஓலையால் வேய்ந்த தசராப் பிறை என்னும் குடிசையில் தங்கி, சடைமுடி, நெற்றிப்பட்டை, கண்மலர், வீரப்பல் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து அணிய வேண்டும். அந்தச் சாமான்களை வாங்குவதற்கென்றே உடன்குடிக் கடைகளில் கூட்டம் நிற்கும். ஒரு முறை பேருந்து நிறுத்தத்தில், குரங்கு வேடமிட்ட பையன் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வாலைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சர்பத் குடிப்பதைப் பார்த்தேன். சுற்றிலும் நின்றவர்களில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பார்ப்பவர்கள் வேடத்தைத்தான் படம் பிடிக்கிறார்கள். என் கண்ணுக்கு நேர்ச்சையின் கடினமான பகுதி, பிறர் வாசலில் போய்க் கையேந்துவதுதான். என் தாய்மாமா பலசரக்குக் கடை வைத்திருந்தவர். கடன் என்று யாராவது வாயெடுத்தால் தராசை விட்டுக் கண்ணை உயர்த்தாத கறார்ப் பேர்வழி. மகளுக்கு வந்த காய்ச்சல் குணமானால் பிச்சைக்காரர் வேடம் போடுவதாக நேர்ந்துகொண்டு, அந்தப் புரட்டாசியில் கிழிந்த சட்டையும் அலுமினியத் தட்டுமாகச் சொந்தத் தெருவிலேயே இறங்கினார். அவரிடம் கடன் கேட்டு வெறுங்கையோடு திரும்பியிருந்த ஓர் ஆச்சியின் வீட்டு வாசலில் அவர் நின்றபோது, நாங்கள் பிள்ளைகள் எல்லாரும் பின்னால் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம். ஆச்சி அவரை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போய் வெகுநேரம் கழித்து வந்து, மடித்த பத்து ரூபாய்த் தாளைத் தட்டில் வைத்தார். "அம்மனுக்குல்லா போடுதேன், உனக்கா போடுதேன்" என்றார். மாமா தலையைக் குனிந்துகொண்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார். சேர்ந்த காசு முழுவதும் கோயில் உண்டியலுக்குப் போனது.

பத்தாம் நாள் நள்ளிரவில், கடற்கரையிலுள்ள சிதம்பரேஸ்வரர் கோயிலுக்கு முன்னால் சூரசம்காரம் நடக்கும். மகிஷாசுரன் தலையை மாற்றி மாற்றிக்கொண்டு எதிர்த்து வர, அம்மன் சூலத்தால் வதம் செய்வாள். அந்த நேரத்தில் கரையில் நிற்பவருக்கு மணலே தெரியாது, தெரிவதெல்லாம் கிரீடங்கள்தான். இதே ஊருக்குப் பக்கத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. இங்கிருந்து தெற்கே ஏவினால் ராக்கெட் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டியதில்லை என்பதே காரணம். அடுத்த தலைமுறையில் யாராவது விண்வெளி வீரர் வேடத்துக்கு நேர்ந்துகொண்டால் நான் வியப்படைய மாட்டேன்.

குலசை என்று சுருக்கி அழைக்கப்படும் குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல் குன்றின் மேல் மணப்பாடு திருச்சிலுவை ஆலயம் இருக்கிறது. 1542இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சேவியர் தங்கியதாகச் சொல்லப்படும் குகை குன்றின் கடற்பக்கச் சரிவில் இருக்கிறது. அலைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும் அங்குள்ள கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறுகிறது. செப்டம்பர் 14 அன்று நடக்கும் மகிமைப் பெருவிழாவுக்கு உள்ளூர்க்காரர்களோடு வெளியூர்க் கூட்டமும் திரளும்.

உவரியில் கப்பல் வடிவிலேயே கட்டப்பட்ட மாதா கோயிலை எல்லாரும் பார்த்துவிட்டு வருவார்கள். எனக்கு அதைவிட விசித்திரமாகப் படுவது சுயம்புலிங்க சுவாமி கோயிலின் நேர்ச்சை. கடலில் குளித்து எழுந்த ஈரத்துணியோடு, கடல் மண்ணை ஓலைப்பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்து வந்து கோயில் அருகே கொட்ட வேண்டும். 11 பெட்டி, 41 பெட்டி என்று கணக்கு உண்டு. நான் 11 பெட்டிதான் சுமந்தேன். ஓலை இடுக்கு வழியே நீரும் மணலுமாகக் கழுத்தில் ஒழுகி முதுகுக்குள் இறங்கியதை இன்றும் மறக்க முடியவில்லை.

மண்ணைக் கொடுக்கும் ஊர் உவரி என்றால், எடுக்கும் ஊர் தேரிக்குடியிருப்பு. இரும்பு ஆக்சைடு படிந்து சிவந்த தேரி மணலில், பனையும் கொல்லாமரம் என்னும் முந்திரியும் சூழ, கற்குவேல் ஐயனார் கோயில் இருக்கிறது. கார்த்திகைக் கடைசியில் அங்கே கள்ளர் வெட்டு நடக்கும். கொள்ளையடித்த கள்ளர்களை ஐயனார் அழித்ததை நினைவுகூர்ந்து, கள்ளனுக்குப் பதிலாக ஓர் இளநீரைத் தேரியில் வைத்து வெட்டுவார்கள். அரிவாள் விழுந்து நீர் சிதறியதும் அதுவரை ஒழுங்காக நின்ற கூட்டம் அத்தனையும் பாய்ந்து, இளநீர் பட்ட செம்மண்ணைப் பிடி பிடியாக அள்ளும். அந்த மண் வீட்டில் இருந்தால் செல்வம் பெருகும், வயலில் தூவினால் விளைச்சல் கூடும் என்பது நம்பிக்கை. முதல் பிடி கிடைக்காதவர்கள் பக்கத்து மண்ணையாவது அள்ளிக்கொள்வார்கள். எது நனைந்தது, எது நனையாதது என்று அந்தத் தள்ளுமுள்ளில் யார் பார்ப்பது?

மாமா ஒவ்வோர் ஆண்டும் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்து கல்லாப்பெட்டியில் போடுவார். முடிச்சு எப்போதோ நெகிழ்ந்துவிட்டது. சில்லறை வாங்கும்போதெல்லாம் நாணயத்தோடு கொஞ்சம் சிவப்பு மண்ணும் உள்ளங்கைக்கு வந்து சேரும்.