சின்னம்மா கண்ட கீசர்

எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரில் தொங்குவதற்குக் கொழும்பில் பெயர் ஹீட்டர். 1984இல் யாழ்ப்பாணத்தில் இருந்து சென்னைக்குப் போய் அங்கேயே நிலைத்துவிட்ட என் சின்னம்மாவுக்கு அது கீசர். இந்த ஒரு சொல்லால்தான் போன சனிக்கிழமை, அவர் வந்து நின்றபோது, வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டில் அவ்வளவு கூத்தும்.

வெள்ளி இரவு எனக்கு நித்திரை வரவில்லை. போனை நோண்டிக்கொண்டு கிடந்தவன் எப்படியோ ருஷ்யாவின் கிழக்குக் கோடியில் இருக்கும் கம்சட்காவுக்குப் போய்விட்டேன். அங்கே குரோனோட்ஸ்கி என்று ஒரு காப்பகம், 1934இல் அமைத்தது. அதே பெயரில் பனி மூடிய எரிமலை ஒன்று, 3,528 மீட்டர். எங்கள் நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையின் தலையில் இன்னும் ஆயிரம் மீட்டரை ஏற்றி வைத்த உயரம். கூம்பின் வடிவத்தைப் பார்த்தால் புட்டுக் குழலில் இருந்து தள்ளிய மாதிரி அத்தனை ஒழுங்கு.

அந்தக் காப்பகத்துக்குள்தான் கீசர் பள்ளத்தாக்கு. இந்தக் கீசர், நிலத்துக்குள் இருந்து கொதிநீரைச் சீறியடிக்கும் ஊற்று. வீதி கிடையாது, ஹெலிகொப்டரில்தான் போகவேண்டும். பச்சையும் துருச் சிவப்புமாகப் பாறைச் சரிவு, அதில் நூறு வாய்களில் இருந்து ஆவி. நிலத்தின் சூட்டால் அங்கே புல் முந்தியே முளைத்துவிடுமாம். சுற்றிவரப் பனி கிடக்க, குளிர்காலத் தூக்கம் கலைந்த கரடிகள் அந்தப் புல்லை மாடு மாதிரி மேய்ந்துகொண்டு நிற்கின்றன. அந்த ஒரு படத்தை நான் எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியாது.

1941 ஏப்ரலில் தத்தியானா உஸ்தினோவா என்ற புவிச்சரிதவியலாளரும் அனிசிஃபோர் குருபெனின் என்ற உள்ளூர் வழிகாட்டியும் களைத்துப்போய் ஆற்றங்கரைப் பனியில் உட்கார்ந்திருக்க, எதிர்க்கரையில் இருந்து கொதிநீர் சீறிக்கொண்டு பாய்ந்ததாம். அதுவரை அந்தப் பள்ளத்தாக்கு வெளியுலகத்துக்குத் தெரியாது. அந்த முதல் ஊற்றுக்கு வைத்த பெயரின் பொருள் ‘தலைப்பிள்ளை’. இதைப் படித்த கையோடு நித்திரையாகிவிட்டேன்.

காலை ஆறு மணி இருக்கும்.

“தம்பீ! கீசர் பீச்சி அடிக்குதுடா, ஓடி வா!”

நான் கண்ணைத் திறக்காமலே சொன்னேனாம்: “தெரியும் சின்னம்மா. அங்கை ஹெலிகொப்டர்லதான் போகலாம்.”

மனைவி தலையணையால் ஒன்று போட்ட பிறகுதான் கம்சட்காவில் இருந்து இறங்கினேன். ஓடிப்போய்ப் பார்த்தால் குளியலறை முழுக்க ஆவி. ஹீட்டரின் அடியில் இருந்து கொதிதண்ணீர் கதவு வரைக்கும் பாய்கிறது. சின்னம்மா சோப்பு நுரையும் துவாயுமாக நடைபாதையில். சுவிட்சை அணைத்தேன். அதற்குள் கதவில் தட்டல். கீழ்வீட்டு அங்கிள்.

“தம்பி, எங்கட பாத்ரூமில சுடுமழை பெய்யுது. சீலிங்கும் ஒரு துண்டு விழுந்திட்டுது.”

2007 யூன் 3ஆம் திகதி அந்தப் பள்ளத்தாக்கிலும் இப்படித்தான், மலைச்சரிவு ஒன்று இடிந்து விழுந்து, ஆறு மறிபட்டு ஏரியாகி, பல ஊற்றுகள் தண்ணீருக்குள் மூழ்கிப்போயின. இதை அங்கிளிடம் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

பைப் திருத்தும் பாஸ் “இந்தா வாறன்” என்றார், திங்கள் பின்னேரம் வந்தார். அந்த மூன்று நாளும் சின்னம்மாவுக்குக் குசினியில் பானை வைத்துத் தண்ணீர் சுட வைத்தோம். ஒவ்வொரு பானைக்கும் “எங்க சென்னையில...” என்று ஒரு கதை.

தேர்மோஸ்டாட் பழுது என்றார் பாஸ். சூடு ஏறிக்கொண்டே போக, உள்ளே அமுக்கம் தாங்காமல் சேப்டி வால்வ் திறந்துவிட்டது. அது திறக்காவிட்டால் ஹீட்டரே வெடித்திருக்கும்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. நிலத்துக்கு அடியிலும் இதே சங்கதிதானே! ஒடுங்கிய குழாயில் மேலே நிற்கும் தண்ணீரின் பாரத்தால் கீழே உள்ளது நூறு பாகை தாண்டியும் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். மேலே கொஞ்சம் வழிந்து பாரம் குறைந்ததும் அத்தனையும் ஒரேயடியாக ஆவியாகிச் சீறும். இதைப் பாஸுக்கு விளக்கி, போனில் படத்தையும் காட்டினேன். ‘இராட்சதன்’ என்று பெயர் வைத்த ஊற்று, எங்கள் பிளாட்டையே மூடும் உயரத்துக்கு வெந்நீரை வீசிக்கொண்டு நிற்கிறது.

பாஸ் போனை வாங்கி, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, அடியில் இருந்து நுனி வரைக்கும் நிதானமாகப் பார்த்தார்.

“சேர், இதுக்கு மெயின் வால்வ் எந்தப் பக்கம்?”